அம்மாதான் பேச வேண்டும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அம்மாவின் கைப்பேசி துணி ஊறவைத்திருந்த வாளிக்குள் விழுந்துவிட்டது. அம்மா அதை எடுத்துத் துடைத்து, அரிசி டின்னுக்குள் புதைத்து, மேலே ஒரு துண்டையும் போட்டு மூடிவிட்டு, எதிர்வீட்டு மக்சிக்கின் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்தார்.

"போன் குளிச்சிருச்சு. நாளைக்கு வேலை முடிஞ்சு வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வந்துரு. பெரியம்மாவுக்குக் காசு அனுப்பணும்."

ஈப்போவில் இருக்கும் பெரியம்மா அதற்கு முந்தின வாரம்தான் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். இடுப்பெலும்பு முறிவு. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. அரசாங்க மருத்துவமனைதான் என்றாலும் உள்ளே பொருத்தும் உலோகத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று பெரியம்மாவின் மகன் சொல்லியிருந்தார். அம்மா தன் பங்காக 800 வெள்ளி என்று மனத்தில் போட்டு வைத்திருந்தார்.

முன்பெல்லாம் ஈப்போவுக்குக் காசு போக வேண்டுமென்றால் ஊருக்குப் போகும் ஆளைத் தேட வேண்டும். தீபாவளிக்குப் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர், யாரும் இல்லையென்றால் அம்மாவே போவார். 2023 நவம்பரில் நம் பேநவ்வும் மலேசியாவின் டூயிட்நவ்வும் இணைந்த பிறகு அந்தத் தேடல் நின்றது. அங்கே இருப்பவரின் கைப்பேசி எண் இருந்தால் போதும், சில நொடிகளில் காசு போய்ச் சேர்ந்துவிடும். முதல் தடவை அனுப்பியபோது, "வந்துருச்சு சின்னம்மா" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டதும் அம்மா கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் "அனுப்பணும்" என்று அம்மா சொன்னால், "நீ அனுப்பு" என்று பொருள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மாவின் வங்கிச் செயலியைத் தரவிறக்கியது நான். பயனீட்டாளர் பெயர் வைத்தது நான். ஆறு இலக்க மறைஎண் என் மகளின் பிறந்தநாள். (இதைப் படிக்கும் யாரும் முயன்று பார்க்க வேண்டாம், இப்போது மாற்றியாயிற்று.) கைரேகைகூட என்னுடையதுதான், ஏனென்றால் பாத்திரம் கழுவிக் கழுவி அம்மாவின் விரலில் ரேகையே பிடிபடவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த வங்கியைப் பொறுத்தவரை அம்மா என்பது நான்தான்.

அதற்கு முன்னால் அம்மாவிடம் பாஸ்புக் இருந்தது. 1979-இல் அங் மோ கியோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளத்துக்காகத் திறந்த கணக்கு. மாதம் ஒருமுறை போய் இயந்திரத்தில் நுழைத்து வரி அச்சடித்துக்கொண்டு வருவார். ஆங்கிலம் படிக்க வராது, எண்கள் படிக்க வரும். எது உள்ளே வந்தது, எது வெளியே போனது, மீதம் எவ்வளவு என்று காசு வரைக்கும் சொல்வார். பாஸ்புக் வசதி நின்று செயலி வந்தபோது அம்மாவுக்குக் கணக்குத் தெரியாமல் போகவில்லை. கணக்கு அம்மாவின் கையிலிருந்து என் கைக்கு மாறியது, அவ்வளவுதான். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. இனி வரிசையில் நிற்க வேண்டியதில்லையே என்று மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

புதன்கிழமை புதுக் கைப்பேசி வாங்கி, பழைய சிம் அட்டையைப் போட்டு, செயலியை இறக்கினேன். பெயர் சரி. மறைஎண் சரி. குறுஞ்செய்தியில் வந்த எண் சரி. அதோடு விட்டிருந்தால் இந்தப் பத்தியே வந்திருக்காது. புதுக் கைப்பேசி என்பதால் பதிவுசெய்த மின்னஞ்சலுக்கும் ஓர் எண் அனுப்பியிருக்கிறோம் என்றது செயலி.

அம்மாவுக்கு மின்னஞ்சல் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தம்பியை அழைத்துக் கேட்டேன். தேசிய சேவையில் இருந்த காலத்தில் ஏதோ ஒரு படிவத்துக்காக அவன் ஒன்று உருவாக்கியிருக்கிறான். மறைச்சொல் மறந்துவிட்டதாம். "மறந்துவிட்டதா?" என்பதை அழுத்தினால், மீட்பு எண்ணை அனுப்புகிறோம் என்று வந்தது. எந்த எண்ணுக்கு? கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்ததும் அம்மா சொல்லிவிட்டார்.

"அது அப்பா நம்பரு."

அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த எண்ணை நாங்களே போய் ரத்து செய்தோம். இப்போது அது யாரிடம் இருக்கிறதோ, அன்று இரவு அந்தப் புண்ணியவானுக்கு மூன்று குறுஞ்செய்திகள் போயிருக்கும்.

செயலியின் மூலையில் உதவிக்கென்று ஓர் அரட்டை இயந்திரம் இருந்தது. சிரித்த முகம், நட்பான பெயர். மின்னஞ்சல் முகவரியை மாற்ற வேண்டும் என்று எழுதினேன். "கடன் அட்டைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டது. வேறு சொற்களில் எழுதினேன். மின்னஞ்சலை மாற்ற, உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் எண்ணைப் பதிவு செய்யவும் என்றது. அதற்குமேல் அதோடு பேச எனக்குத் தெம்பில்லை.

நான் அப்போதே சொன்னேன்: "அம்மா, நான் என் கணக்குலேருந்து அனுப்பிடுறேன். நீங்க பிறகு கொடுங்க."

"வேணாம்."

"ரெண்டும் காசுதானேம்மா."

"அக்கா பால்மரம் சீவித்தான் என்னை ஆறாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புச்சு. அதுக்கு என் காசு போகணும். உன் காசு எதுக்கு?"

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்று, மாண்டரினுக்கு இரண்டு. அம்மா மூன்றுக்காகக் காத்திருந்தார். ரயில் நிலையத்தில் இடைவெளியைக் கவனிக்கச் சொல்வதைக்கூடத் தமிழில் கேட்டுப் பழகிய காதுகள். மூன்று வரவில்லை. ஒன்றை அழுத்தினோம். அதற்குள்ளே கடன் அட்டைக்கு ஒன்று, வீட்டுக் கடனுக்கு இரண்டு, காப்புறுதிக்கு மூன்று. நமக்கு உரியது எப்போதும் கடைசியில்தான் வரும், அதற்குள் முதலில் சொன்னது மறந்துபோகும். பிறகு பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். மறுபடி பாட்டு. நாற்பத்தேழு நிமிடம். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அம்மா கீரையை ஆய்ந்து முடித்து, வெங்காயத்தையும் உரித்துவிட்டார்.

ஒருவழியாக ஒரு பெண் வந்தார். மிகவும் பணிவான குரல். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்கள்தான் கணக்கு உரிமையாளரா?"

மூன்று ஆண்டுகளாக எழுத்தில் "ஆம்" என்று அழுத்தியவள், வாயால் பொய் சொல்ல முடியாமல் "மகள்" என்றேன்.

"மன்னிக்கவும். அம்மாதான் பேச வேண்டும்."

அம்மா பேசினார். பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி. இது வரைக்கும் ஆங்கிலத்தில் மனப்பாடம், பலதுறை மருந்தகத்தில் சொல்லிப் பழகியது. அடுத்த கேள்வி, கடைசியாகச் செய்த பரிவர்த்தனை எவ்வளவு. அம்மா என்னைப் பார்த்தார். தண்ணீர், மின்சாரக் கட்டணம் கட்டியது நான். விரலால் காட்டினேன், புரியவில்லை. மெல்லத் தமிழில் சொன்னேன். அம்மா அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி.

"அம்மா, உங்கள் பக்கத்தில் யாரோ பதில் சொல்லிக் கொடுப்பது எனக்குக் கேட்கிறது. உங்களை யாராவது வற்புறுத்துகிறார்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தவறு. என்ன கேட்கிறாள் என்று அம்மா கேட்க, நான் மொழிபெயர்க்க, அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கைப்பேசியை வாயருகில் வைத்துக்கொண்டு, "ஷீ மை டாட்டர்! நோ ஃபோர்ஸ்! ஷீ ஆல்வேஸ் லேட், பட் குட் கேர்ள்!" என்றார்.

பாராட்டுக்கு மகிழ்வதா, "லேட்" என்றதற்கு வருந்துவதா என்று நான் யோசிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. வாடிக்கையாளரின் பாதுகாப்பைக் கருதி இந்தக் கணக்கின் இணையச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறோம். அடையாள அட்டையோடு கிளைக்கு நேரில் வரவும். வேறு ஏதேனும் உதவி தேவையா?

அன்று மாலை முழுக்க நான் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரவு படுத்த பிறகுதான், அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். ஒரு வயதான அம்மா, ஆங்கிலம் தடுமாறுகிறது. பக்கத்தில் ஒரு குரல் இரகசியமாகப் பதில் சொல்லித் தருகிறது. புதுக் கைப்பேசி. மின்னஞ்சலை மாற்ற வேண்டுமாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டுமாம். அவசரமாம். மோசடியின் இலக்கணத்தை ஒன்றுவிடாமல் நாங்களே ஒப்பித்திருக்கிறோம்!

2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி 790 பேர் ஏறக்குறைய 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தது பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் சுட்டி இருக்கக்கூடாது என்று ஆனது. புதுக் கைப்பேசியில் மின்னிலக்க அடையாள வில்லையைப் பதிந்தால் அது வேலை செய்யக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததே. திருடன் உங்கள் பெயரில் பதிந்தாலும், காசு போவதற்குள் நீங்கள் விழித்துக்கொள்ள அவகாசம். அப்படியிருந்தும் 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளுக்குப் பறிகொடுத்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. பூட்டுக்கு மேல் பூட்டு போடாமல் வங்கிகள் வேறென்ன செய்யும்? பூட்டில் எனக்குக் குறையில்லை. வீட்டுக்காரரையும் சேர்த்து வெளியே நிறுத்துகிறதே என்பதுதான்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி அழைத்தேன், இம்முறை வேறொருவர். நிலைமையைக் கேட்டுவிட்டு, அக்கறையாகத்தான் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றலாம். அம்மாவிடம் சொன்னேன். "உன் தம்பிக்கு என்ன பதில் சொல்றது? அப்புறம் அவன் பொண்டாட்டிக்கு?" என்றார். நியாயமான கேள்வி. கூட்டுக் கணக்கில் ஒருவர் போனால் மற்றவருக்கு என்பதெல்லாம் எங்கள் வீட்டில் தீபாவளி மதியச் சாப்பாட்டோடு பேசக்கூடிய விஷயமில்லை.

இரண்டாவது, நீடித்த அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். எல்பிஏ என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான், நம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமித்து வைப்பது. நல்ல ஏற்பாடு, நாற்பதைத் தாண்டியவர்கள் செய்து வைக்க வேண்டியது. ஆனால் அது நடைமுறைக்கு வருவது, நியமித்தவர் மனத்திறனை இழந்த பிறகு. அம்மாவுக்கு மனத்திறன் போய்விட்டதா? பெரியம்மா எந்த ஆண்டு எந்தக் கடையில் எந்தச் சேலையை என்ன விலைக்கு வாங்கிக் கொடுத்தார் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது. நான் பள்ளியில் பொய் சொல்லி விடுப்பு எடுத்த தேதியும் நினைவிருக்கிறது.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பேசிய அந்த முறைக்கு இரண்டே வகை மனிதர்களைத் தெரிகிறது. எல்லாவற்றையும் தன் விரலால் தானே செய்துகொள்பவர் ஒருவர். எதையும் செய்ய முடியாதென்று மருத்துவர் சான்று கொடுத்தவர் இன்னொருவர். என் அம்மா இரண்டும் இல்லை. என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரியும், யாருக்கு எவ்வளவு என்று தெரியும், வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லவும் தெரியும். அதை அந்தத் திரையில் அந்த மொழியில் சொல்ல மட்டும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் படித்துக் காட்ட ஓர் ஆள் போதும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அந்தப் பக்கத்து ஆளுக்குப் படிவத்தில் பெட்டியே இல்லாததால்தான் நாம் எல்லாரும் திருட்டுத்தனமாக அம்மாவாகவும் மாமியாராகவும் வேடம் போட்டுக்கொண்டிருக்கிறோம். வேடம் போட்டு எளிதாகச் செய்ய முடிந்ததாலேயே, அம்மாவுக்குச் சொல்லித் தராமலும் இருந்துவிட்டேன். சமூக மன்றத்தில் மூத்தோருக்குத் திறன்பேசி சொல்லித் தரும் மின்னிலக்கத் தூதர்களிடம் போய் அம்மா வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பக் கற்றுக்கொண்டு வந்தார். இரண்டே வகுப்பில். நான் மூன்று ஆண்டில், மீதத் தொகை எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பெரியம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. நல்லபடியாக. அண்ணன் வேலையிடத்தில் கடன் வாங்கிக் கட்டியிருந்தார். "அவசரமில்லை சின்னம்மா, மெதுவா அனுப்புங்க" என்று அவர் சொன்னபோது, அம்மா கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே சொன்னார்: "அக்கா கண்ணு முழிக்கிறதுக்குள்ள போயிருக்கணும்."

சனிக்கிழமை கிளைக்குப் போனோம். வீட்டுக்குக் கீழே இருந்த கிளை இப்போது பபிள் டீ கடை. ரயிலில் மூன்று நிலையம் தள்ளிப் போக வேண்டும். வாசலில் ஓர் இளைஞர் தட்டைக் கணினியோடு நின்று, கியூஆர் குறியீட்டை வருடினால் வரிசை எண் கைப்பேசிக்கே வந்துவிடும் என்றார். எங்கள் எண்ணுக்கு முன்னால் முப்பத்தொரு பேர். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அம்மாவின் வயது. அவர்கள் பக்கத்தில் என் வயதில் ஒருவர், கையில் இரண்டு கைப்பேசியோடு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேசவில்லை, பேசாமலே புரிந்தது.

முகப்பில் இருந்தது முக்காடு அணிந்த ஓர் இளம்பெண். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அம்மாதான் பேச வேண்டும்" என்பதுபோல் என்னை நாகரிகமாக ஒதுக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறினார். அந்தப் பெண் தலையைச் சாய்த்து, "மக்சிக், போலே சாக்காப் மெலாயு?" என்றார்.

ஈப்போவில் பிறந்து வளர்ந்தவரிடம் மலாய் பேசத் தெரியுமா என்று கேட்டால் என்ன ஆகும்! "போலே, போலே!" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் அம்மா. அதன் பிறகு பத்து நிமிடம் எனக்கு அங்கே வேலையே இல்லை. என் மலாய் நாசி லெமாக் வாங்குவதோடு சரி. பெரியம்மா விழுந்தது, வாளியில் கைப்பேசி விழுந்தது, மகள் கெட்டிக்காரி ஆனால் சொல்லித் தரப் பொறுமை இல்லாதவள் என்பது வரை எல்லாம் போனது என்று கையசைவை வைத்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கடைசியாகக் கையெழுத்து. 1979-இல் அம்மா போட்ட மாதிரிக் கையெழுத்து கணினித் திரையில் வந்தது. எனக்கு அதைப் பார்த்ததே இல்லை. தமிழில், உருண்டை உருண்டையாக, ஒவ்வோர் எழுத்தும் கோட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி. ஆறாம் வகுப்பு எழுத்து. இப்போது அம்மாவின் கை நடுங்குகிறது. போட்டுக் காட்டினார். அந்தப் பெண் திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அது எழுத்து இல்லை, படம். ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடிப்பதுபோல் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு பென்சிலால் தொட்டுக் காட்டினார். இங்கே ஒரு புள்ளி இருக்கிறது, இதில் இல்லையே.

அம்மாவின் பெயர் 'ள்' என்று முடியும்.

"அட, புள்ளி வைக்கலையா?" என்று அம்மா தன்னைத்தானே கடிந்துகொண்டார். புதுத் தாள் வாங்கி, முழுப் பெயரையும் மெதுவாக எழுதி, கடைசியில் பேனாவை அழுத்திப் புள்ளி வைத்தார். மேலாளர் ஒருவர் வந்து பார்த்து, அடையாள அட்டையையும் முகத்தையும் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார்.

பழைய மின்னஞ்சல் போயிற்று. இணையச் சேவை திறந்தாயிற்று. புதுக் கைப்பேசியில் பதிவும் செய்தாயிற்று. "12 மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம் மக்சிக்" என்றார் அந்தப் பெண்.

அம்மா மணியைப் பார்த்தார். பதினொன்றே கால்.

"இன்னைக்கு ராத்திரி ஈப்போ பஸ்ஸுக்கு எத்தனை மணி?" என்று என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, முகப்பில் திரும்பி மலாயில் 800 வெள்ளி ரொக்கமாகக் கேட்டார். அந்தப் பெண் ஐம்பது வெள்ளித் தாள்களாக இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். அம்மா மூன்றாவது முறை எண்ணினார். கைக்குட்டையில் வைத்து முடிந்தார். போகிற வழியில் மீதம் எவ்வளவு என்று ஒரு தாளில் அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார், அதற்கும் ஒரு கட்டணம். ரயிலில் மூன்று நிலையமும் அந்தத் தாளையேதான் படித்துக்கொண்டு வந்தார்.

அன்று இரவு பீச் ரோட்டில் பேருந்து ஏற்றிவிட்டேன். விடிகாலையில் அமான்ஜெயா நிலையத்தில் அண்ணன் வந்து அழைத்துப் போனார். பெரியம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, அம்மா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும் படம் பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே ஒரு குரல்பதிவும். காசைக் கையில் கொடுத்தபோது பெரியம்மா திட்டிய திட்டு முழுக்க அதில் இருந்தது.

ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்த அன்று மாலை, வீட்டில் இருவரும் உட்கார்ந்து செயலியைத் திறந்தோம். மறைஎண்ணை அம்மாவே போட்டார், என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு. என்ன எண் என்று எனக்குத் தெரியாது. மீதத் தொகை வந்ததும் பையிலிருந்து அந்த வங்கித் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார்.

அப்போது டிங் என்று ஒரு குறுஞ்செய்தி. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வங்கியின் பெயரைச் சொல்லி, எங்கள் சேவை எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டிருந்தது. படித்துச் சொன்னேன்.

"யாருக்கு மார்க்கு? அந்த மலாய்ப் பிள்ளைக்கா, போன்ல பாட்டு போட்டவங்களுக்கா?"

"அதெல்லாம் பிரிச்சுக் கேக்கலம்மா. மொத்தமா ஒண்ணுதான்."

"சரி, அந்தப் பிள்ளைக்குன்னு நினைச்சுப் பத்து போடு. எங்க போடணும்?"

"கீழ நீலக் கலர்ல இருக்குல்ல, அதைத் தொட்டா..."

அம்மா கைப்பேசியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"லிங்க்கு வந்தா தொடக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

அழித்துவிட்டோம்.